எரிந்த நிலத்துக்கு என்ன நிறம்?

காட்டுத்தீ ஒரே நாளில் ஓர் ஊரை மாற்றிவிடுகிறது. அந்த ஊரின் வரைபடத்தை எப்போது மாற்றுவது, யார் மாற்றுவது என்பதற்கு அவ்வளவு சுலபமாக விடை கிடைப்பதில்லை.

ஹவாய்த் தீவுகளில் ஒன்று மாவி. அதன் மேற்குக் கரையில் இருக்கும் லஹைனா, 1845 வரை ஹவாய் அரசின் தலைநகரமாக இருந்த ஊர். அங்கே பழைய நீதிமன்றக் கட்டடத்தை ஒட்டி ஓர் ஆலமரம் நிற்கிறது. 1873 ஏப்ரல் 24 அன்று நடப்பட்டபோது அது எட்டடி உயரக் கன்று. இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனது. விழுது இறக்கி, விழுதுகளே அடிமரங்களாகி, 150 ஆண்டுகளில் சுமார் 60 அடி உயரத்துக்கு எழுந்து, ஒரு சதுக்கத்தையே தன் நிழலுக்குள் கொண்டுவந்தது. ஓவியச் சந்தை, விழா, வெட்டிப்பேச்சு எல்லாம் அதன் அடியில்தான். நம் ஊர் ஆலமரத்தடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நடுவில் இருக்கும் கடலைத் தவிர.

2023 ஆகஸ்ட் 8. தெற்கே வெகு தொலைவில் டோரா என்ற புயல் கடந்துகொண்டிருந்தது. வடக்கே உயர் காற்றழுத்தம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தீவில் மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கிக் காற்று சீறி இறங்கியது. காலையில் அறுந்து விழுந்த மின்கம்பியால் புல்லில் பற்றிய தீயை அணைத்துவிட்டதாகவே தீயணைப்பு வீரர்கள் நினைத்தார்கள். பிற்பகலில் அது மறுபடி உயிர்பெற்றது. இருட்டுவதற்குள் ஊரின் பெரும் பகுதி போய்விட்டது. 102 பேர் இறந்தார்கள். 2,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தோ சேதமடைந்தோ போயின. கடற்கரைச் சாலையில் கார்கள் நகர முடியாமல் நிற்க, பலர் கடலில் குதித்து உயிர் தப்பினார்கள். ஆலமரம் கருகி நின்றது.

தீ எரித்தது ஊரைத்தான், வரைபடத்தை அல்ல. ஓர் ஊர் சாம்பலான மறுநாளும் கம்ப்யூட்டர் திரையில் அதன் தெருக்கள், வீடுகள், கடைகள், மரங்கள் எல்லாம் முந்தின நாள் போலவே இருக்கும். யாராவது ஒருவர் கைவைத்து மாற்றும்வரை இருந்துகொண்டே இருக்கும். அந்த ஒருவர் யார்? எதை அழிக்கலாம், எதை விட்டுவைக்கலாம்? சம்பளம் வாங்காமல் உலக வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கும் ஆர்வலர்கள், பெரிய காட்டுத்தீ ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள்.

அந்த வரைபடத்தின் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் தொடங்கியது. அரசின் நில அளவைத் துறை தயாரித்த வரைபடங்களைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. ஊர்க்காரர்களே தங்கள் ஊரை வரைந்துகொண்டால் என்ன என்பது அவரது யோசனை. இன்று இதில் பெயர் பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். யாரும் ஒரு கணக்குத் தொடங்கலாம். ஒரு புள்ளி வைக்கலாம், ஒரு கோடு இழுக்கலாம், ஒரு பரப்பை வளைத்து 'இது காடு', 'இது குளம்', 'இது பள்ளிக்கூடம்' என்று எழுதலாம். எழுதியது உடனே பதிவாகும். தவறு என்று நினைப்பவர் மாற்றலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற கணக்கு மட்டும் அழியாது.

இத்தனை பேர் கைபட்டும் வரைபடம் குழம்பிப்போகாமல் காப்பது ஒரு சிறு விதி. களத்தில் இருப்பதை வரை. நேற்று இருந்ததற்கும் நாளை வரப்போவதற்கும் அதில் இடமில்லை. இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்து, 'ஆமாம், இருக்கிறது' என்று சொல்லக்கூடியதை மட்டும் வரைய வேண்டும். திருவிழாவுக்குப் போட்ட பந்தலை யாரும் வரைவதில்லை. பத்து நாளில் பிரித்துவிடுவார்கள்.

நல்ல விதிதான். ஆனால் தீயின் முன்னால் அது தடுமாறுகிறது. எரிந்த நிலம் நேற்றையதும் அல்ல, நாளையதும் அல்ல, இன்றையது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. கருகி நிற்கும் காடு பந்தல் மாதிரி தற்காலிகமானதா, பாறை மாதிரி நிரந்தரமானதா? எரிந்தவுடன் யாராலும் சொல்ல முடியாது.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வீடு எரிந்துவிட்டது, களத்தில் இல்லை, எனவே அழித்துவிடலாம் என்று விதி சொல்கிறது. அழித்தால் என்ன ஆகும்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். லஹைனாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஏதோ ஒரு நகரத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கம்ப்யூட்டர் முன் உட்காருகிற ஆர்வலர். நல்லவர், உதவ வேண்டும் என்று நினைப்பவர். வரைபடத்துக்குப் பின்னணியாக வருகிற வான்வழிப் படத்தில் கூரைகள் வரிசையாகத் தெரிகின்றன. வரைபடத்திலோ அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அடடா, யாரும் வரையாமல் விட்டுவிட்டார்களே என்று ஒவ்வொரு கூரையாக வளைத்து வரைகிறார். ஒரு மணி நேரத்தில் ஒரு தெரு முழுக்க வீடுகள் எழும்பிவிடுகின்றன. அந்தப் படம் தீக்கு முன்னால் எடுத்தது என்பது அவருக்குத் தெரியாது. திருப்தியோடு படுக்கப் போகிறார்.

மனிதர் கற்பனை. சிக்கல் கற்பனை அல்ல. பின்னணிப் படங்கள் ஓர் இடத்தில் சென்ற வருடத்தியதாகவும் பக்கத்து இடத்தில் ஐந்து வருடம் பழையதாகவும் இருப்பது சாதாரணம். உள்ளூர்க்காரர் நேரில் பார்த்து நீக்கியதை, வெளியூர்க்காரர் பழைய படத்தைப் பார்த்து மறுபடி சேர்ப்பது இந்த வரைபட உலகில் எல்லோருக்கும் பழகிப்போன தலைவலி. அதைத் தடுக்கவே ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. வீட்டின் கோட்டுருவத்தை நீக்குவதில்லை. 'கட்டடம்' என்ற குறிப்புக்கு முன்னால் 'அழிந்த' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். போர், பூகம்பம், தீ ஆகியவற்றில் போன கட்டடங்களுக்கு ஒரு சொல். திட்டமிட்டு இடித்ததற்கு வேறு சொல். ஆளில்லாமல் பாழடைந்து கிடப்பதற்கு இன்னொரு சொல். இப்படிக் குறித்த பின் சாதாரணமாக வரைபடத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு வீடு தெரியாது. ஆனால் திருத்த வருகிறவர் கண்ணில் படும். 'இங்கே வீடு இருந்தது, இப்போது இல்லை, மறுபடி வரையாதே' என்று அது வாசலிலேயே நின்று சொல்லும்.

ஆனால் இது தொழில்நுட்பத் தந்திரம் மட்டுமல்ல. வீடு அழிந்தாலும் கதவு எண் அழிவதில்லை. கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் இதற்கு உதாரணம். 2018 நவம்பர் 8 காலையில், ஏறத்தாழ நூறு வருடப் பழமையான ஒரு மின்கோபுரத்தில் தேய்ந்துபோன ஒரு கொக்கி முறிந்ததில் தொடங்கிய தீ, சில மணி நேரத்தில் அந்த மலையூரைத் தின்றுவிட்டது. 85 பேர் பலியானார்கள். சுற்று வட்டாரத்தையும் சேர்த்து 18,804 கட்டடங்கள் நாசமாயின. 2010 கணக்கெடுப்பில் 26,218 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 4,764 பேர்.

அந்த 4,764 பேருக்கும், பின்னர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தவர்களுக்கும் தங்கள் மனை எங்கே என்பது முக்கியம். தபால் வர வேண்டும். கட்டுமான லாரி வர வேண்டும். ஆம்புலன்ஸ் வர வேண்டும். மைல் கணக்கில் ஒரே மாதிரி சாம்பல் மேடாகக் கிடக்கும் நிலத்தில், எரிந்துபோன வீட்டின் எண்தான் ஒரே அடையாளம். அதனால் வீட்டை 'அழிந்தது' என்று குறித்தாலும் கதவு எண்ணுக்கான புள்ளியை விட்டுவைப்பது நல்லது. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் விதியைக் காப்பாற்றியதாக இருக்கும், மனிதர்களைக் காப்பாற்றியதாக இருக்காது.

வீட்டைவிடச் சிக்கலானது காடு.

வீடு இருக்கிறது அல்லது இல்லை. காட்டில் அப்படிச் சொல்ல முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நிலத்தின் போர்வைக்கு என்று சில வகைகள் உண்டு. மரங்கள் அடர்ந்த இடம் ஒன்று, புதர்க்காடு ஒன்று, புல்வெளி ஒன்று, வெறும் பாறை ஒன்று. மரங்கள் உள்ள இடத்தையே 'இயற்கைக் காடு' என்பதா, 'மரம் வளர்க்கும் நிலம்' என்பதா என்று வருடக்கணக்காக விவாதம் ஓய்ந்தபாடில்லை. அமைதியான காட்டுக்கே இந்தக் கதி. எரிந்த காட்டுக்கு?

கருகிய மரங்கள் நிற்கின்றன, எனவே காடுதான் என்பார் ஒருவர். பச்சை இல்லை, நிழல் இல்லை, அது எப்படிக் காடாகும் என்பார் இன்னொருவர். புதராக மாற்றிவிடலாம், அடுத்த வருடம் புதர்தானே முளைக்கும் என்பார் மூன்றாமவர். 'எரிந்த பகுதி' என்றே ஒரு தனி வகை வைத்துக் கறுப்பு வண்ணம் கொடுக்கலாமே என்பார் நான்காமவர். நால்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நால்வரும் ஒரே மாதிரித் தீயைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். தீ ஒரே மாதிரி எரிவதில்லை.

மேலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடித்து இலவசமாகத் தருகின்றன. உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். எரிந்து காய்ந்த மண் வேறொரு பகுதியை அனுப்பும். தீக்கு முந்தைய படத்திலும் பிந்தைய படத்திலும் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எங்கே எரிந்தது, எவ்வளவு கடுமையாக எரிந்தது என்று ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அற்புதமான வித்தைதான். ஆனால் தழைத்து நிற்கும் மரக்கூரைக்குக் கீழே சருகை மட்டும் மேய்ந்துவிட்டுப் போன தீயை அது சரியாகக் காணாது. கண்டாலும், அடுத்த மழைக்கு அந்த மரம் துளிர்க்குமா, பட்டுப்போகுமா என்று அதனால் சொல்ல முடியாது.

நமது நாட்டில் இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. நாட்டின் வனப்பரப்பில் சுமார் 36 சதவீதம் அடிக்கடி தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது என்று அதன் 2019 அறிக்கை சொன்னது. கோடையில் அந்தத் தீப்புள்ளிகளை இந்திய வரைபடத்தின் மீது பார்த்தால் நாடே எரிவதுபோல் பகீரென்றிருக்கும். ஆனால் ஒரு புள்ளி என்பது தீ எரியும் இடத்தின் துல்லியமான அடையாளம் அல்ல. இப்போது பயன்படும் கருவிகளில் நுட்பமான ஒன்றுக்கே ஒரு புள்ளி என்பது பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம். அதற்குள் எங்கோ ஒரு மூலையில் சூடு தெரிந்தது என்பதுதான் பொருள்.

மேலும் இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பாலானவை தரையோடு தரையாக ஓடும் தீ. உத்தராகண்ட் மலைகளில் சீர் பைன் மரங்களின் ஊசியிலைகள் கோடையில் மெத்தை போலக் குவிந்து கிடக்கும். அங்கே அதற்குப் 'பிருல்' என்று பெயர். தீ அந்த மெத்தையைத்தான் எரிக்கிறது. தடித்த பட்டையுள்ள வளர்ந்த பைன் மரம் அடிப்பக்கம் கறுத்து நிற்கும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். மரக்கன்றுகளும் சிற்றுயிர்களும் மேல்மண்ணும்தான் போகும். தூரத்து ஆர்வலர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, காட்டை வரைபடத்தில் 'வெற்று நிலம்' என்று மாற்றினால் அது பொய். எரிந்ததே தெரியாததுபோல் விட்டுவிட்டால் அது பொய்யில்லை. ஆனால் அடியில் போனது எதுவும் அதில் தெரியாது.

எரிந்தது எல்லாமே நஷ்டமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் மக்கள், கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சிறு தீ வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ என்பது அவர்கள் சொல். 1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமான பிறகு அதற்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது, இப்போது தீ வந்தால் அந்தப் புதரில் ஏறி உயரமாக எரிகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வாளர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு இரண்டுமே தீ. சோளகருக்கு ஒன்று விவசாயம் போல, மற்றது விபத்து.

இதே சோளகர், ஆய்வாளர்களின் துணையோடு ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, தங்கள் புனித இடங்களை வரைபடமாக்கினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. 2011இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஒரு நிலத்தைப் பற்றி எழுதும் தகுதி யாருக்கு அதிகம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

அப்படியானால் தீயை வரைபடத்தில் காட்டவே கூடாதா?

தழும்பின் எல்லையைப் பதிவு செய்ய அரசுத் துறைகள் இருக்கின்றன, செயற்கைக்கோள் தொகுப்புகள் இருக்கின்றன. பழைய நிலவரத்தைக் காலவாரியாகச் சேர்த்துவைக்க ஆர்வலர்களே ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனி வரைபடம் நடத்துகிறார்கள். எரிந்த பரப்பின் கணக்கு அங்கே பத்திரமாக இருக்கட்டும். அன்றாட வரைபடம் செய்ய வேண்டிய வேலை வேறு. தீ வந்து போனதை அல்ல, தீ வரக்கூடிய நிலத்தை அது உள்ளபடி காட்ட வேண்டும்.

குரங்கணியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலையில் நடைப்பயணம் போய்த் திரும்பிய இளைஞர்களைத் தீ வளைத்துக்கொண்டது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரிவைக் கறுப்பாகத் தீட்டி 'எரிந்த பகுதி' என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், பருவமழை வந்து புல் முளைத்ததும் அது பொய்யாகியிருக்கும். அதைப் பார்த்து அடுத்த வருடம் யாரும் எச்சரிக்கை அடைந்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் 'இது காடு அல்ல, ஆளுயரப் புல் வளரும் சரிவு' என்று வரைபடம் உள்ளபடி சொன்னால், மலை தெரிந்தவருக்கு அதுவே போதும். மார்ச்சில் அந்தப் புல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாதை பாறைக்குப் போகிறது, எது தேயிலைத் தோட்டத்துக்கு இறங்குகிறது, எது முட்டுச்சந்து என்பதும் வரைபடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

லஹைனாவின் கதையும் புல்லில்தான் தொடங்குகிறது. ஊருக்கு மேலே இருந்த சரிவுகள் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள். ஊரின் சர்க்கரை ஆலை 1999இல் மூடப்பட்டது. கரும்புக்குப் பாய்ந்த தண்ணீர் நின்றது. தரிசான நிலத்தில் வெளியிலிருந்து வந்த கினிப் புல்லும், நம் ஊர் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல் என்று அழைக்கப்படும் புல்லும் புகுந்து மண்டின. இரண்டுமே காய்ந்தால் தீக்குத் தீனி. இப்படிப்பட்ட நிலம் ஏதாவது ஒரு வரைபடத்தில் இன்னும் 'விளைநிலம்' என்று இளம் நிறத்தில் சாதுவாகக் கிடந்தால், அந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு பெரிய தவறு ஒளிந்திருக்கிறது! தீக்குப் பிறகு பதறி ஓடிவந்து கறுப்புத் தீட்டுவதைவிட, தீக்கு முன்பே ஒருவர் நடந்துபோய் 'இங்கே இப்போது பயிர் இல்லை, புல்தான்' என்று மாற்றுவது பெரிய சேவை.

வரைபட ஆர்வலர்களின் உற்சாகத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பூகம்பம் வந்தபோது தலைநகருக்கே சரியான வரைபடம் கிடையாது. உலகெங்கும் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில வாரங்களில் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் படைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போயின. அன்று முதல் எங்கே பேரிடர் என்றாலும் ஆயிரம் கைகள் பரபரக்கின்றன. பாராட்டத்தக்க பரபரப்பு. ஆனால் ஹைட்டியில் அவர்கள் இல்லாததைச் சேர்த்தார்கள். எரிந்த ஊரில் செய்ய வேண்டியது இருப்பதை நீக்குவது. சேர்ப்பதில் தவறினால் ஒரு கோடு கோணலாகும். நீக்குவதில் தவறினால் ஒரு குடும்பத்தின் முகவரி போய்விடும்.

ஆகவே தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் பிரிகின்றன. தீத்தடுப்புக் கோடுகளை வரையலாம். மலையூர்களிலிருந்து வெளியேறும் சாலைகள் உண்மையில் எங்கே போய்ச் சேருகின்றன என்று சரிபார்க்கலாம். குளம், தொட்டி, தண்ணீர் எடுக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறிக்கலாம். பின்னணிப் படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்த்துக்கொள்ளலாம். சந்தேகமான இடத்தில் 'உள்ளூர்க்காரர் யாராவது பார்த்துச் சொல்லவும்' என்று வரைபடத்தின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவைக்க வசதி இருக்கிறது, அதைச் செய்யலாம். காடு செத்ததா பிழைத்ததா என்ற தீர்ப்பை மட்டும் எழுதக்கூடாது. அதற்குக் குறைந்தது ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போனவரோ, தேன் எடுக்கப் போனவரோ, வனக்காவலரோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

காத்திருப்பது இந்தக் காலத்துக்குப் பிடிக்காத குணம். ஒரு பொத்தானைத் தட்டினால் உலகம் மாறுகிறது என்ற வசதி, தட்டாமல் இருப்பதைக் குற்றமாக உணரவைக்கிறது. ஆனால் நிலத்துக்கு அந்த அவசரம் இல்லை.

லஹைனாவின் ஆலமரம் அந்த ஆகஸ்ட் மாதத்தில் யார் கண்ணுக்கும் செத்த மரமாகத்தான் தெரிந்தது. இலை இல்லை, பட்டை கருகியிருந்தது, பக்கத்து நீதிமன்றத்தின் கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. களத்தில் இருப்பதை வரை என்ற விதியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அந்த மரத்தை வரைபடத்திலிருந்து நீக்கியிருந்தால், அவரைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது. ஊர்க்காரர்கள் நீக்கவில்லை. மரம் தெரிந்தவர்கள் வந்து பட்டையைக் கீறி, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வீடிழந்த ஊரில் ஒரு மரத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. வேருக்கு உரக்கரைசல் ஊற்றினார்கள். செப்டம்பரில் கரிந்த கிளையிலிருந்து பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்த்தன.

மரம் முழுசாகப் பிழைக்கவில்லை. பட்டுப்போன கிளைகளையும் விழுதுகளையும் பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பழைய நிழல் இனி எப்போது வருமோ. ஆனாலும் 150 வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து போன கன்று அங்கே நிற்கிறது. வரைபடத்தில் அதற்கு வேண்டியது ஒரு சிறு பச்சைப் புள்ளிதான். அதை அழிக்க ஒரு நொடி போதும். அழிக்காமல் விட, பட்டையைக் கீறிப் பார்த்த ஒருவர் வேண்டும்.